பாளையம்பட்டிக்கு எத்தனை காவல்காரர்கள், தெரியுமா?

சம்பளம் கிடையாது. சீருடை கிடையாது. ஆனாலும் ராத்திரி ஊர் அடங்கிய பிறகு கண்மாய்க்கரைப் பக்கம் யார் நடந்தாலும் அந்த நொடியே தகவல் சொல்லிவிடும் காவல்காரர் ஒருவர் நம் அருப்புக்கோட்டைச் சீமை முழுக்க இருக்கிறார், தெரியுமா? கண்ணோரம் சிவப்புத் தோல்மடல், நெட்டை நெட்டையாக மஞ்சள் கால், கறுத்த கழுத்து. பேரே ஆள்காட்டி! இங்கிலீஷ்காரர்கள் அதன் கத்தலைக் கேட்டுவிட்டு, ‘அவனா செய்தான், அவனா செய்தான்’ என்று கேட்பதாகத் தங்கள் மொழியில் எழுதிவைத்தார்கள். நம் ஆட்களோ அது எதற்குக் கத்துகிறது என்று பார்த்துப் பேர் வைத்துவிட்டார்கள். ஆளைக் காட்டிக்கொடுக்கிறது, ஆகவே ஆள்காட்டி. திருட வருகிறவனும் சரி, முயல் பிடிக்க வருகிறவனும் சரி, முதலில் திட்டுவது இதைத்தான்.

இன்னும் கேளுங்கள். இந்தக் காவல்காரருக்குக் கூடே கிடையாது! பொட்டல் தரையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பள்ளம், சுற்றிலும் கொஞ்சம் சரளைக்கல், நடுவில் அந்தச் சரளையைப் போலவே புள்ளி போட்ட நாலு முட்டை. சித்திரை வெயிலில் நம் பொட்டல் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முட்டை வெந்துபோகாதா? போகாது! தாய்ப் பறவை பக்கத்து நீர்நிலைக்குப் போய் வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து, ஈர வயிற்றோடு முட்டைமேல் உட்காரும். தகப்பனும் இந்த வேலையைச் செய்யும். குஞ்சு பொரித்தவுடன் எழுந்து ஓடத் தொடங்கிவிடும். தாய் ஒரு குரல் கொடுத்தால் போதும், தரையோடு தரையாகப் படுத்து அசையாமல் கிடக்கும். காலடியில் கிடந்தாலும் நம் கண்ணுக்குத் தெரியாது.

ஊர்க்கூட்டத்தில் போலீஸ்காரர் வந்து கேமரா வையுங்கள், கதவை நன்றாகப் பூட்டுங்கள் என்று பேசுவார். வேறொரு நாள் வனத்துறைக்காரர் வந்து மயிலுக்கு மருந்து வைக்காதீர்கள், மான் வழிதவறி வந்தால் நாயை ஏவாதீர்கள் என்று பேசுவார். கேட்கிறவர்களுக்கு இரண்டும் வெவ்வேறு சங்கதி மாதிரி தோன்றும். நம் வறண்ட பூமியில் இரண்டும் ஒரே சங்கதி! இதைச் சொல்லத்தான் இத்தனை ஆசையோடு எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஊர்ப் பெயரைப் பாருங்கள். பாளையம் என்ற சொல்லுக்குப் படை தங்கும் இடம் என்று பொருள். 16-ம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட விசுவநாத நாயக்கர் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார் என்பது மரபு. பாளையக்காரருக்கு வரி வாங்குவதோடு ஊர்க்காவலும் ஒரு கடமை. களவு போனால் காவல் பொறுப்பில் இருப்பவர்தான் பதில் சொல்ல வேண்டும். கண்டுபிடித்துத் தர வேண்டும், இல்லையென்றால் ஈடு கட்ட வேண்டும். மாடு காணாமல் போய், எங்கே இருக்கிறது என்று துப்புச் சொல்கிறவருக்குக் கொடுத்த பணத்துக்குத் தனிப்பேரே இருந்தது: துப்புக்கூலி!

அதைவிட வியப்பு பேட்டை. 19-ம் நூற்றாண்டில் நாடார் வணிகர்கள் வேர்விட்டு வளர்ந்த ஆறு ஊர்களை வரலாற்று ஆய்வாளர்கள் சேர்த்தே சொல்வார்கள். சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, திருமங்கலம், சாத்தங்குடி. ஆறாவது எது தெரியுமா? நம் பாளையம்பட்டி! ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-ல் வெளியிட்ட ஆய்வு நூலில் இது விரிவாக இருக்கிறது. வண்டிமாடு பூட்டிச் சரக்கு ஏற்றிப்போன காலம். வழியில் பயம். அதனால் ஊருக்கு ஊர் சுவர் எழுப்பி, உள்ளே வண்டி நிறுத்த இடம், மாட்டுக்குத் தண்ணீர், சரக்கு இறக்க நிழல் என்று காவலுள்ள வளாகம் ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். அதுதான் பேட்டை. செலவுக்குப் பணம்? வாங்குகிற விற்கிற ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு சிறு தொகையைப் பொதுவில் போட்டார்கள். அதற்கு மகமை என்று பேர். ஒரு வீட்டைக் காப்பாற்ற ஒரு வீட்டால் முடியாது, ஊர் சேர்ந்தால் முடியும் என்று கண்டுகொண்ட ஏற்பாடு அது. அந்த மகமைப் பணம் காவலோடு நிற்கவில்லை. கிணறாக, கோயிலாக, பள்ளிக்கூடமாக மாறியது. இன்றைக்குத் தெருவாசிகள் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு முக்கில் கேமரா மாட்டுகிறார்களே, காவல்துறை ‘மூன்றாவது கண்’ என்று ஆசையாகப் பேர் வைத்திருக்கிறதே, அந்தக் கேமராவுக்குப் பாட்டன் முப்பாட்டன் எல்லாம் இந்த மகமைதான் என்று நினைத்துப் பார்க்கும்போது எனக்குப் புல்லரிக்கிறது!

ஊர்க்காவல் பார்த்த தலையாரி ஞாபகம் இருக்கிறதா? 1980 நவம்பரில் கர்ணம், மணியம் பதவிகளை அரசு ஒழித்தபிறகு கிராம நிர்வாக அலுவலர் வந்தார். தலையாரி இன்று கிராம உதவியாளர். பேர் மாறினாலும், ஊருக்குள் புது முகம் நடமாடினால் முதலில் அவர் காதுக்குத்தான் போகும்.

சரி, வீட்டுக்கு வருவோம். இந்த வீட்டில் ஆள் இல்லை என்பதை ஊருக்கெல்லாம் அறிவிக்கும் பலகை எது, சொல்லுங்கள் பார்க்கலாம்? கோலமில்லாத வாசல்! பூட்டு எத்தனை பெரிதாக இருந்தாலும் மூன்று நாள் கூட்டாத வாசலும், குவிந்துகிடக்கும் பேப்பரும், பகலிலும் எரியும் வாசல் பல்பும் எல்லாவற்றையும் சொல்லிவிடும். வெளியூர் போகும்போது பக்கத்து வீட்டு அக்காவிடம், “நம்ம வாசலுக்கும் சேர்த்து ஒரு கோலம் போட்டுருங்கக்கா” என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். செலவு ஒரு பிடி கோலப்பொடி! அதோடு காவல் நிலையத்தில் இத்தனை நாள் ஊரில் இல்லை என்று சொல்லிவிட்டால் ராத்திரி ரோந்து வருகிறவர்கள் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்கள். பலருக்கு இது தெரியவே தெரியாது. பூட்டு என்றால் திண்டுக்கல். அதைச் சொல்லாமல் போனால் சாமி குத்தம். கையால் அறுத்து, ராவி, உள்ளே நெம்புகோல் நெம்புகோலாக வைத்துச் செய்யும் அந்தப் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய் வடிவில் இருப்பதால் மாங்காய்ப் பூட்டு!

நாய் வளர்க்கிறீர்களா? அப்படியானால் பெருமைப்படுங்கள். இந்தியா 2005 ஜனவரி 9 அன்று நாட்டு நாய் இனங்களுக்காகத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ஒன்றாக நம் மாவட்டத்து ராஜபாளையம் நின்றது. வேட்டைநாய்களில் பேர்பெற்ற சிப்பிப்பாறையும் இதே மாவட்டத்து ஊர்தான். ஆனால் ராஜபாளையத்தில் யாரும் எதிர்பாராத ஒரு விஷயம் உண்டு. பால்வெள்ளைக் குட்டிகளில் சில பிறவியிலேயே செவிடு! காரணம் வெள்ளை நிறமேதான். தோலுக்கு நிறம் கொடுக்கும் அதே உயிரணுக்கள் காதின் உட்பகுதி வேலை செய்யவும் தேவை. நிறம் போய்ச் சேராத இடத்தில் கேட்கும் திறனும் போய்விடுகிறது. குட்டி வாங்கும்போது பின்னால் நின்று கை தட்டிப் பார்த்து வாங்குங்கள். செவிட்டுக் குட்டி என்று தெருவில் விட்டுவிடாதீர்கள். அதிர்வையும் வாசத்தையும் வைத்தே வீட்டோடு ஒட்டிக்கொள்ளும் பிராணி அது.

இப்போது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொல்லப்போவது, இந்தக் கட்டுரையிலேயே மிக முக்கியமானது. உங்கள் வீட்டிலேயே விலை குறைந்த, உயிரைக் காக்கும் பூட்டு எது தெரியுமா? கொசுவலை!

திருடன் வந்தால் நகை போகும். கட்டுவிரியன் வந்தால் உயிர் போகும். அதுவும் எப்படி? ராத்திரி, தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கும்போது வரும். பல் மிகச் சின்னது. கடித்த இடத்தில் பல நேரம் வலியே இருக்காது, வீக்கம் இருக்காது. ஏதோ எறும்பு கடித்தது என்று புரண்டு படுத்துவிடுவார்கள். விடியும்போது வயிற்றுவலி, தொண்டை அடைப்பு, இமை தானாகக் கீழே சரியும். இமை சரிகிறதென்றால் அடுத்து மூச்சுத்தசைகள். விஷ முறிவு மருந்தும் செயற்கைச் சுவாசமும் உடனே கிடைக்க வேண்டும். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. வருஷத்துக்குச் சராசரி 58,000! பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள். கொசுவலைக்குள் படுத்தவர்களுக்குப் பாம்புக்கடி குறைவு என்று நேபாளத்தில் கண்டிருக்கிறார்கள். வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகிவிட்டால் போதும், கட்டுவிரியனுக்கு வழி அடைபட்டது. கதவுக்குக் கீழே ஒரு விரல் இடைவெளி இருந்தால் பழைய துணியை உருட்டி அடையுங்கள். தாழ்ப்பாள் போடும்போது இதையும் ஒரு தாழ்ப்பாளாக நினையுங்கள்.

நம் பொட்டலுக்கு இன்னொரு சொந்தக்காரர் சுருட்டை விரியன். இந்தியாவில் ஆளை அதிகம் கொல்லும் விஷப் பாம்புகள் நாலில் மிகச் சின்னது. கல்லிடுக்கிலும் விறகு அடுக்கிலும் சுருண்டு கிடக்கும். மிதிக்க நெருங்கினால் செதிலோடு செதிலை உரசி, ரம்பத்தால் மரம் அறுப்பதுபோல் சத்தம் போடும். அதுவும் ஒரு எச்சரிக்கை! டார்ச் இல்லாமல் விறகில் கை வைக்காதீர்கள். கடிபட்டுவிட்டால் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுகக் கட்டக் கூடாது. அசையாமல் வைத்து 108-க்கு அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மருந்து அங்கே இலவசம். பாம்புக்கடி வந்தால் மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தமிழ்நாடு 2024 நவம்பரில் அறிவித்தது.

அந்த மருந்து எங்கிருந்து வருகிறது தெரியுமா? நாட்டுக்கே விஷ முறிவு மருந்து செய்ய மூலப்பொருளான பாம்பு விஷத்தில் பெரும்பகுதியைத் தருபவர்கள் நம் இருளர்கள்! மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அது. பாம்பைப் பிடித்து, சில வாரம் பானையில் வைத்திருந்து, சில தடவை விஷம் எடுத்து, மறுபடி காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். கொல்வதில்லை. அந்த இனத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாளையம்பட்டியில் ஒருவர் கட்டுவிரியன் கடித்துப் பிழைத்தால் அந்தப் பிழைப்பில் ஒரு இருளரின் கை இருக்கிறது. இதை நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டாமா?

பாம்பு வீட்டுக்குள் ஏன் வருகிறது? எலிக்காக. எலி ஏன் பெருகுகிறது? கூகையை விரட்டியதால்! சாக்குருவி, அது கத்தினால் வீட்டில் சாவு விழும் என்று கல்லெறிந்து விரட்டுகிறோமே, அந்தக் கூகையின் முகத்தை ஒருமுறை நின்று பாருங்கள். நெஞ்சு வடிவத்தில் வெள்ளைத் தட்டு. அந்தத் தட்டு முழுவதும் சத்தத்தைக் குவித்துக் காதுக்கு அனுப்பும் கிண்ணம். காது இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்காது. ஒன்று சற்று மேலே, ஒன்று சற்றுக் கீழே! சத்தம் எந்தக் காதுக்கு எப்படி வருகிறது என்ற சின்ன வித்தியாசத்தை வைத்து எலி எந்தத் திசையில், எந்த உயரத்தில் என்று கணக்குப் போட்டுவிடும். ரோஜர் பெய்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர், துளி வெளிச்சம் இல்லாத அறையில் கூகை காதால் மட்டுமே எலியைப் பிடிப்பதைச் சோதித்து நிரூபித்தார். இறகோரம் சீப்புப் பல்லைப்போல் பிரிந்திருப்பதால் பறக்கும்போது காற்றின் சத்தம்கூட வராது. தவசம் சேர்த்துவைத்த வீட்டுக்கு இப்படி ஒரு காவல் கிடைத்தும் நாம் கல்லெடுக்கிறோம். அது உட்காரும் இடத்துக்குக் கீழே சாம்பல் நிற உருண்டைகள் கிடக்கும். எடுத்துப் பிரித்துப் பாருங்கள், உள்ளே எலியின் மண்டையோடும் தாடை எலும்பும் முழுசாக இருக்கும்!

மயில்? ஒரே ஒரு சங்கதி. தோகையை விரித்துச் சிலிர்க்கும்போது, நம் காதுக்கே எட்டாத மிகத் தாழ்ந்த ஒலியை அது எழுப்புகிறது. மற்ற மயில்களுக்கு அது கேட்கிறது! 1963-ல் தேசியப் பறவையானது. விதைத்த உளுந்தைக் கிளறிப் போடும்போது விவசாயிக்கு அந்தத் தேசியப் பெருமை சோறு போடாது, உண்மைதான். இரண்டாம் தடவை விதை வாங்கினவர் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும்.

அதைவிடப் பெரிய எரிச்சல் காட்டுப்பன்றி. ஒரே ராத்திரியில் மக்காச்சோளக் காட்டை உழுததுபோல் ஆக்கிவிடும். மேற்கே மலை எங்கேயோ இருக்க, திருச்சுழிப் பொட்டலுக்குப் பன்றி எப்படி வந்தது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த, மிகவும் வலிக்கிற கதை இருக்கிறது. நம் பக்கத்தில் சீமைக்கருவேலத்துக்கு என்ன பேர்? வேலிக்கருவை! வேலிக்கென்று வந்த மரம். காமராஜர் காலத்தில் விதை தூவியதாகப் பலரும் சொல்வார்கள். உண்மையில் அமெரிக்கக் கண்டத்து மரமான அது பிரிட்டிஷ் வனத்துறை வழியாக 1870-களிலேயே இந்தியாவுக்குள் வந்துவிட்டது. விறகுக்கு ஆச்சு, வேலிக்கு ஆச்சு, ஆடுமாடு கடிக்காது என்று கொண்டாடினோம். வேலி வளர்ந்து காடாயிற்று! கண்மாய்க்குள் புகுந்தது, தரிசில் ஏறியது. பகலில் பன்றி ஒளிந்துகொள்ள ஆள் நுழையமுடியாத முள்மண்டபம் கட்டிக்கொடுத்தது. காட்டைக் காக்க வைத்த வேலிக்குள்ளிருந்தே காட்டை அழிப்பதும் வருகிறது. அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களும் இதே மண்ணில்தான். 2017-ல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இந்த மரத்தை அகற்றச் சொன்னபோது ஊருக்கு ஊர் இயந்திரம் இறங்கியதும், வேர் போகாத இடத்தில் மறு மழைக்கே அது தளிர்த்ததும் நமக்குத் தெரியும்.

அதே கருவைக்குள் முயலும் குள்ளநரியும் புள்ளிமானும் குடியிருக்கின்றன என்பதுதான் சிக்கலின் அடுத்த முடிச்சு. கோடையில் தண்ணீர் தேடி வரும் மானை நாய்கள் துரத்த, கைப்பிடிச்சுவர் இல்லாத கிணற்றில் போய் விழுகிறது. தீயணைப்புத் துறையினர் கயிறு கட்டி இறங்கித் தூக்குகிறார்கள். இடுப்பளவு சுவர் ஒன்று எழுப்பிவிட்டால் மானுக்கும் காப்பு, ராத்திரி வண்டி தள்ளிக்கொண்டு வரும் பிள்ளைக்கும் காப்பு.

பன்றிக்கு என்ன செய்வது? சிலர் திருட்டு மின்வேலி போடுகிறார்கள். சிலர் வெடி பொதிந்த அவுட்டுக்காய் வைக்கிறார்கள். கைகூப்பிக் கேட்கிறேன், வேண்டாம்! மின்வேலிக்குப் பன்றி யார், பக்கத்துக் காட்டுக்காரர் யார் என்று தெரியாது. அவுட்டுக்காயைக் கடித்து வாய் சிதறிய பசுமாட்டை ஒருமுறை பார்த்தவர் மறுபடி வைக்கமாட்டார். அரசாங்கம் 2025 ஜனவரியில் ஒரு முடிவெடுத்தது: காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம். கவனியுங்கள், வனத்துறையினர் மட்டும்! ஊர்க்காரர் மனுக் கொடுக்கலாம். துப்பாக்கி எடுக்க முடியாது.

வனத்துறை வரும்வரை? புடவை! நெசவுக்குப் பேர்போன அருப்புக்கோட்டைப் பக்கத்தில் பழம்புடவைக்கா பஞ்சம்? காட்டைச் சுற்றிக் குச்சி நட்டு, கலர் கலராகப் புடவையை இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். பன்றிக்குக் கண் மங்கல், மூக்குக் கூர்மை. காற்றில் படபடக்கும் துணியும் அதில் ஊறிய ஆள்வாசமும் சேர்ந்து அதைத் தயங்கவைக்கிறது. அம்மா கட்டிக் கிழிந்த சேலை, அறுப்பு முடியும்வரை காட்டைக் கட்டிக்காக்கிறது. இதைவிட அழகான வேலியை நான் பார்த்ததில்லை.

ஊரே சேர்ந்து ஒரு குருவிக்காக இருட்டில் உட்காரும் என்று சொன்னால் நம்புவீர்களா? பக்கத்து சிவகங்கை மாவட்டத்துக்கு வாருங்கள். முதலில் கொள்ளுக்குடிப்பட்டி. வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் 1977-ல் அறிவிக்கப்பட்டது. கண்மாயில் கூடுகட்டும் பறவைகள் மிரளக்கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. நாட்டுக்கே பட்டாசு செய்யும் நம் மாவட்டத்துக்கு அடுத்த மாவட்டத்தில்! பிள்ளைகள் கேட்காமல் இருப்பார்களா? இருந்தும் ஊர் இணங்கியிருக்கிறது.

அடுத்தது அதே மாவட்டத்துப் பொத்தகுடி. 2020, ஊரடங்குக் காலம். தெருவிளக்கைப் போடும் சுவிட்ச்பெட்டிக்குள் ஒரு சின்னக் குருவி வைக்கோலும் குச்சியுமாகக் கூடு கட்டியிருந்தது. தினமும் விளக்குப் போடும் இளைஞர் பார்க்கிறார், உள்ளே முட்டை! சுவிட்சைத் தொட்டால் கூடு கலையும். எந்தக் கிராம சபையிலும் காவலுக்கு என்று முதலில் கேட்கும் பொருள் தெருவிளக்கு. ஒரு கம்பத்தில் பல்பு எரியாவிட்டால் நாம் எத்தனை மனு எழுதுகிறோம்! அந்தப் பிள்ளை கூட்டைப் படமெடுத்து ஊர் வாட்ஸ்அப்பில் போட்டார். பேசினார்கள், சிலர் தயங்கினார்கள், பிறகு ஊரே ஒத்துக்கொண்டது. தெருவிளக்கு எரியாது. ஒருநாள் இரண்டுநாள் அல்ல, 35 நாள்! ராத்திரி வெளியே போகிறவர்கள் கையில் டார்ச்சும் செல்போன் வெளிச்சமும் வைத்துக்கொண்டு நடந்தார்கள். முட்டை பொரிந்து, குஞ்சுகளுக்கு இறகு முளைத்து, ஒவ்வொன்றாகப் பறந்து போன பிறகுதான் பொத்தகுடியில் ஒருவர் அந்தச் சுவிட்சில் கை வைத்தார்.